நாலு நாள் தங்கலுக்கு ஒரு வீடு

பனிமலையிலும் பாலைவனத்திலும் அலைகிற ஊர்சுற்றிகளுக்காகக் கழற்றி மாட்டும் குடில் செய்கிறார்களாம். துண்டு துண்டாக வரும், ஆணி வேண்டாம், மண்ணுக்குச் சேதமில்லை, கிளம்பும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடலாம். பெரிய கண்டுபிடிப்பு என்று விருது வேறு கொடுக்கிறார்கள். மலாக்காக்காரன் காதில் விழுந்தால் சிரிப்பான். அறுநூறு வருஷமாக இந்த ஊருக்கு வந்தவன் போனவன் எல்லாருக்கும் இதே பிரச்சினைதான். சரியாகக் கட்டியவன் பேர் யாருக்கும் தெரியாது. சொதப்பியவன் பாடப்புத்தகத்தில் இருக்கிறான்.

1413-இல் சீனத் தளபதி செங் ஹோவின் கப்பல் கூட்டத்தோடு மொழிபெயர்ப்பாளராக வந்தவர் மா ஹுவான். மலாக்கா வீடுகளைப் பார்த்து மனிதர் முகம் சுளித்திருக்கிறார். தரையிலிருந்து நாலடி உயரத்தில், பிளந்த தென்னை மரத்தைப் பிரம்பால் கட்டிய பரண். ஆட்டுப்பட்டி மாதிரி இருக்கிறதாம். அதன்மேலேயே படுக்கை, சாப்பாடு, சமையல் எல்லாம். கீழே வெள்ளம் ஓடும், பாம்பு போகும், மேலே குடும்பம் நிம்மதியாகச் சோறு தின்னும் என்ற சூட்சுமம் அவருக்குப் பிடிபடவில்லை. அவருடைய ஆட்கள் என்ன செய்தார்கள்? மரவேலி அடித்து, நாலு வாசல் வைத்து, உள்ளே இன்னொரு வேலி போட்டு, அதற்குள் கிடங்கு கட்டிச் சரக்கை அடைத்துவிட்டுத் தென்காற்றுக்காகக் காத்திருந்தார்கள். காற்று வந்தது, போய்விட்டார்கள். நல்ல விருந்தாளிக்கு அதுதான் அழகு.

அதே மா ஹுவான் இன்னொரு சேதியும் எழுதியிருக்கிறார். மலாக்காப் புலிகள் மனுஷ உருவம் எடுத்து ஊருக்குள் ஜனங்களோடு நடமாடுமாம். அடையாளம் தெரிந்தால் பிடித்துக் கொன்றுவிடுவார்களாம். எப்படி அடையாளம் கண்டார்கள் என்று எழுதாமல் விட்டுவிட்டார். அந்த வித்தை மட்டும் கைமாறி வந்திருந்தால் பிற்பாடு கப்பலேறி வந்த பல துரைமார்களைத் துறைமுகத்திலேயே சோதித்திருக்கலாம்.

1511-இல் வந்தார் போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க். மரமாவது பிரம்பாவது என்று, பள்ளிவாசல் கல்லையும் அரச சமாதிக் கல்லையும் பெயர்த்துக் கோட்டை கட்டினார். ஆ ஃபமோசா என்று பேர். 'புகழ்பெற்றது' என்று போர்த்துகீசியர்களே வைத்துக்கொண்டார்கள். நிரந்தரத்துக்கும் நிரந்தரம். 1641-இல் டச்சுக்காரன் பிடுங்கிக்கொண்டான். 1795-இல் ஆங்கிலேயன் வந்தான். வந்தவனுக்கு ஒரு கவலை: என்றைக்காவது ஊரைத் திருப்பிக் கொடுக்கவேண்டி வந்தால் கோட்டையோடு சேர்த்தா கொடுப்பது? காலிசெய்யச் சொன்ன குடித்தனக்காரன் போகிற போக்கில் குழாயைப் பிடுங்கிக்கொண்டு போவதுபோல, 1807-இல் ஆங்கிலேய அதிகாரி ஃபார்குவார் கோட்டையை இடிக்க ஆரம்பித்தார்.

இடிபட்ட கதையை ருசித்துச் சொன்னவர் அப்துல்லா முன்ஷி. மலாக்காவில் பிறந்தவர்; தமிழ் ரத்தமும் உண்டு, கணக்குவழக்குக்கு உதவும் என்று அப்பா தமிழ் படிக்கவும் அனுப்பியிருக்கிறார். கோட்டைக்குள் பேய் பிசாசு இருக்கிறது என்று கூலியாட்கள் நடுங்கினார்களாம். கடப்பாரைக்கு அசையாததை வெடிமருந்து வைத்துத் தகர்த்தபோது யானை பருமனுக்கும் வீடு பருமனுக்கும் கற்கள் பறந்து கடலில் விழுந்ததாக எழுதுகிறார். கட்ட எத்தனை பேர் முதுகு ஒடிந்ததோ, இடிக்கவும் அவ்வளவு பாடு. கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு வாசல்.

1854-இல் இயற்கை ஆராய்ச்சியாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் வந்தபோது கதை வேறு. லேடாங் மலையடிவாரத்தில் அட்டைக் கடி, யானைத் தடம், காண்டாமிருகத் தடம். கூட வந்த ஆட்கள் ஓடைப் பக்கம் செடிகொடியை வெட்டி, சின்னதாக ஒரு குடில் போட்டார்கள். மழை மட்டும் மேலே விழாது, அவ்வளவுதான். மிருகம் வந்தால் என்ன செய்வது? ராத்திரி முழுக்க நெருப்பு. ஒரு வாரம் அதில் இருந்து பட்சியும் பூச்சியும் பிடித்தார் மனிதர். அடுத்த மழைக்குக் குடில் மண்ணோடு மண்ணாகியிருக்கும். விருது கொடுப்பதென்றால் அந்தப் பேர் தெரியாத மலாய் ஆட்களுக்குக் கொடுக்கவேண்டும்.

அந்த மலைக்குப் பக்கத்தில்தான் நம்ம கதை. 1896-இல் சீன வணிகர் தான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்று நட்டார். இரண்டு வருஷத்தில் புக்கிட் அசகானில் பெரிய தோட்டம். பால்மரம் வந்தால் பின்னாலேயே தமிழன் வரவேண்டுமே, கப்பல் கப்பலாக வந்தான். இவன் பயணி, நாலு காசு சேர்ந்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவான் என்று தோட்ட நிர்வாகங்கள் கணக்குப் போட்டன. பயணிக்கு எதற்கு வீடு? லயம் போதும்.

கழற்றி மாட்டும் வடிவமைப்பின் உச்சம் என்றால் லயம்தான். பத்தடிக்குப் பத்தடி, துரைக்கு மனசு இளகினால் பன்னிரண்டு. ஓர் அறை, அதையே வரிசையாக ஒட்டிக்கொண்டே போகலாம். முதுகோடு முதுகாக இன்னொரு வரிசை. ஆள் கூடினால் கடைசியில் இன்னும் ரெண்டு ஒட்டு. அறைக்கும் அறைக்கும் நடுவே தடுப்பு உண்டு. ஆனால் அது கூரையைத் தொடாது. காற்றோட்டத்துக்காம்! காற்றோடு இருமலும் போனது, கருவாட்டு வாசனையும் போனது. முதல் வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை ஆரம்பித்தால் நாலாவது வீட்டுப் பாட்டி தீர்ப்புச் சொல்வாள். மேலே தகரம், மழை பெய்தால் சண்டை கேட்காது, அது ஒன்றுதான் லாபம்.

பக்கத்துக் கம்பத்தில் மலாய்க்காரர் கால்வைத்த வீட்டை ஆணியில்லாமல் கோத்தார்கள்; தேவைப்பட்டால் ஊரே கூடித் தோளில் தூக்கிக்கொண்டு போய் வேறு இடத்தில் வைத்தது. துரை தினமும் குதிரையில் அந்த வழியாகத்தான் போனார். கண்ணில் படவேயில்லை போலும்.

திரும்பிப் போகிறவன் திரும்பவில்லை. 1938-இல் இந்திய அரசாங்கமே தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. உள்ளே இருந்தவன் பின்பக்கம் பலகையும் தகரமும் அடித்துக் குசினி இறக்கினான், முருங்கை வைத்தான், லயத்துக் கோடியில் மாரியம்மனைக் குடிவைத்தான். நாலு நாள் தங்கலுக்குப் போட்ட அறையில் பேரன் பேத்தி பிறந்தார்கள். தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்துக்கு 1966-இல் ஒரு சட்டம், போதாது என்று 1990-இல் இன்னொன்று. அதற்குள் செம்பனை வந்து, தோட்டங்கள் கைமாறி, பல லயங்கள் மண்வாரி இயந்திரத்துக்குப் போயின. வெடிமருந்து தேவைப்படவில்லை.

2008-இல் யுனெஸ்கோ மலாக்காவைப் பாரம்பரிய நகரம் என்று அறிவித்தது. அந்த ஒற்றை வாசல் முன்னால் பேருந்து பேருந்தாக வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். வாசல் இருக்கிறது, பின்னால் வீடு கிடையாது. நமக்கு மூன்று தலைமுறை வீடு இருந்தது, தடுப்பு மட்டும்தான் கூரை வரைக்கும் எட்டவில்லை.