செல்போனில் பூசை

2020 மார்ச் 27 அன்று, ஆளில்லாத புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் மழையில் நின்று செபித்தார். நாம் வீட்டுக்குள் காய்ந்த துணியோடு அமர்ந்து அதில் பங்கேற்றோம். பக்தி இவ்வளவு சௌகரியமாக இருக்கும் என்று முன்பே தெரியாமல் போயிற்று.

கொரோனா கோவில் கதவைத்தான் சாத்தியது. பூசை செல்போனுக்கு வந்துவிட்டது. பிரசங்கம் முடியும்வரை வாசல் வேப்பமரத்தடியில் நின்றவர்களுக்கு இனி அந்தச் சிரமம் இல்லை. விரலால் தள்ளினால் போதும், நேராகக் காணிக்கைப் பாட்டு. அந்த இடத்தில் மட்டும் எப்படியோ நெட் அறுந்துவிடும். இறைவன் சித்தம் என்று ஏற்றுக்கொண்டோம்.

நன்மை வாங்குமுன் ஒரு மணி நேரம் எதுவும் உண்ணக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். திரை முன் மனதால் மட்டும் வாங்கும் ஆன்மீக நற்கருணைக்கு அது பொருந்தாது என்று தீர்ப்பளிக்க, இட்லித் தட்டோடு ஒரு சட்ட மேதை வீட்டுக்கு வீடு உருவானார்.

ஒரே கஷ்டம், சமாதானம் சொல்வது. கோவிலில் முன்பின் தெரியாதவரைப் பார்த்துக் கைகூப்பலாம். இங்கே வீட்டில் இருப்பவர்களிடமே சொல்ல வேண்டியிருந்தது. இவ்வளவு கடுமையான தவத்தைத் தபசு காலத்தில்கூட யாரும் கேட்டதில்லை.

செப்டம்பரில் கோவில் திறந்தது. பெஞ்சுக்கு இருவர் என்றதும் கடைசி வரிசைகள் நொடியில் நிரம்பின. வேறு வழியின்றி மற்றவர்கள் முன் வரிசைக்கு வந்தார்கள். பல வருடப் பிரசங்கம் சாதிக்காததை ஒரு சுற்றறிக்கை சாதித்தது. தம் பங்கு மக்களின் முகங்களைச் சாமியார் முதன்முறையாக அருகில் பார்த்தார், முகக்கவசத்தோடு.