கொசு கடிக்காத காளைத் தோல்

கார் மேல ஆசப்படறது ஒண்ணும் குத்தமில்ல பேராண்டி. ஜல்லிக்கட்டுக் காளைக்கு ஆசப்பட்டவன் பேரன் காருக்கு ஆசப்படாம கழுதைக்கா ஆசப்படுவான்? ஆனா வெலயக் கேட்டு வாயப் பொளக்கறவன் வெவரத்தயும் கேக்கணுமில்ல. நீ என்னா பண்ற? போன்ல ரோல்ஸ் ராய்ஸ் படத்த வச்சுக்கிட்டு, ரெண்டு வெரலால பெருசாக்கிப் பெருசாக்கிப் பாக்குற. டீ ஆடை கட்டிப் போச்சு. இதுல எனக்குப் பாடம் வேற. "இது இங்கிலாந்து கார் தாத்தா. ஆளுக்கு அளவெடுத்து ஒருத்தருக்குன்னே செய்யறது தாத்தா."

எந்த இங்கிலாந்துடா? பென்ட்லிய 1998-லயே ஃபோக்ஸ்வேகன் வாங்கிருச்சு. ஜெர்மன்காரன். ரோல்ஸ் ராய்ஸ் கார் பேரு பி.எம்.டபிள்யூ கைக்குப் போச்சு. அவனும் ஜெர்மன்காரன்தான். 2003-லேருந்து குட்வுட்டுங்குற ஊர்ல வண்டி செய்யறாங்க. ஊரு இங்கிலாந்துதான், இல்லங்கல. வேல பாக்கறவனும் அந்த ஊர்க்காரன்தான். கல்லாப்பெட்டிச் சாவி மட்டும் மியூனிக்ல இருக்கு. நம்ம பக்கம் கல்யாண மண்டபத்து வாசல்ல எம்ஜின்னு ஒரு வண்டி பூ சுத்தி நிக்குதே, ஒரு காலத்துல ஆக்ஸ்ஃபோர்டு வண்டி அது. இப்ப சைனாக் கம்பெனியும் நம்ம ஜிந்தாலும் கூட்டாளி.

ஜாகுவார் கதை இன்னும் நல்லாருக்கும். 2008-ல டாட்டா 230 கோடி டாலர் குடுத்து, ஜாகுவாரயும் லேண்ட் ரோவரயும் சேத்து ஃபோர்டுகிட்டேருந்து வாங்குனாங்க. ராணிப்பேட்டைப் பக்கம் பனப்பாக்கத்துல 9,000 கோடி ரூபா போட்டு டாட்டா கார் ஆலைன்னு 2024 செப்டம்பர்ல அடிக்கல் நட்டாங்க. ஜாகுவார் லேண்ட் ரோவர் வண்டியும் அங்கயே செய்வோம்னாங்க. நீ லண்டன் திக்கப் பாத்துக் கும்புட்டுக்கிட்டு இருக்க. சாமி பனப்பாக்கத்துக்குக் குடி வருது.

சரி, அளவெடுக்கற கதைக்கு வா. ரெண்டாம் உலகப் போர் வரைக்கும் ரோல்ஸ் ராய்ஸ்காரன் முழுக் கார் வித்ததே இல்ல, தெரியுமா? இன்ஜினும் சேஸும்தான் குடுப்பான். அத ஓட்டிக்கிட்டுப் போயி பார்க்கர், ஹூப்பர், முல்லினர்னு பாடி கட்டற பட்டறையில விடணும். ராஜாவுக்கு ஒசந்த சீட்டு வேணுமா, ராணிக்குத் திரை வேணுமா, அவங்க கட்டிக் குடுப்பாங்க. இதக் கேட்டு உனக்குப் புல்லரிக்குது. எனக்கு நாமக்கல்தான் ஞாபகம் வருது. நம்ம குவாரி ஓனரு லாரி வாங்குனா என்னா பண்றாரு? வெறும் சேஸ எடுத்து நாமக்கல்லுல பாடி கட்ட விடறாரு. பஸ்ஸுன்னா கரூரு. இந்தப் பாடாலூர் ரோட்டுல, கூண்டும் இல்லாம கண்ணாடியும் இல்லாம வெறும் சேஸு மேல ஒரு டிரைவர், தலையில துண்டக் கட்டிக்கிட்டு, பூச்சி கண்ணுல அடிக்க அடிக்க ஓட்டிக்கிட்டுப் போவான் பாரு. அதான் உங்க ராஜா காலத்து ரோல்ஸ் ராய்ஸு போன கோலம்.

நாமக்கல்லுல ஓனரு பட்டற வாசல்ல ஸ்டூலப் போட்டு உக்காந்துருவாரு. நெத்தியில குலசாமி பேரு, கதவுல புள்ளைங்க பேரு, பின்னாடி கழுகா மயிலா, எந்தப் பச்ச, எந்தச் செவப்புன்னு தகராறு பண்ணித்தான் எழுந்திரிப்பாரு. குட்வுட்டுல 44,000 கலர் வச்சிருக்கேங்கறாங்க. நம்ம ஓனருக்கு நாலே கலருதான், ஆனா அந்த நாலுக்குள்ள நடக்கற சண்டை இருக்கே! அங்க மார்க் கோர்ட்டுன்னு ஒருத்தரு அணில் முடி பிரஷ்ஷால காரோட நீளத்துக்கும் ஒரே கோடு இழுப்பாராம், கையாலயே, அதுக்கே மணிக்கணக்கா ஆவுமாம். கெட்டிக்காரன்தான், ஒத்துக்குறன். நம்ம பெயிண்டரு 'சவுண்ட் ஹாரன்' எழுதறப்ப மட்டும் ஸ்கேலா வைக்கிறாரு?

தோலுக்கு வா. சீட்டுக்குக் காளைத் தோலுதான் போடுவாங்களாம். பசு சினையாவும், வயிறு பெருக்கும், தோல்ல வரி விழும், ஆவாது. அந்தக் காளையும் முள்ளுவேலி இல்லாத மேட்டு நெலத்துல மேயணுமாம். வேலி கீறிரும். கொசுவும் கடிக்கக்கூடாது. தழும்பு விழுந்துரும். நம்மூர்ல மனுசனுக்கே கொசுவல பத்தல. அந்தக் காள வாழ்ந்த வாழ்வ நெனச்சா எனக்குப் பொறாமையா இருக்கு. ஆனா ஒண்ணு, கடைசியில அதுமேல உக்காரறது கொசு கடிச்ச ஆளுதான.

அப்புறம் அந்தச் சத்தமில்லாத சமாச்சாரம். 1958-ல அமெரிக்காவுல ஒரு விளம்பரம் போட்டாங்க, ரொம்பப் பேரு வாங்குன விளம்பரம். மணிக்கு 60 மைல்ல போனாலும் உள்ள இருக்கற கடிகாரச் சத்தந்தான் பெருசாக் கேக்கும்னு. சரி, மெச்சுவோம். 2020-ல புது கோஸ்ட் வண்டி வந்துச்சு. சத்தத்த அமுக்கறதுக்குன்னே 100 கிலோவுக்கு மேல அடைச்சு வச்சாங்க. உள்ள உக்காந்த இன்ஜினியருங்களுக்கு அந்த அமைதியில தலை சுத்துற மாதிரி ஆயிருச்சாம். என்னா பண்ணுனாங்க? மெல்லிசா ஒரு ரீங்காரத்தத் திரும்ப உள்ள விட்டாங்க! சத்தத்த எடுக்க ஒரு காசு, சத்தத்தப் போட ஒரு காசு. இதுக்கு எங்கிட்ட வந்திருந்தா குவாரி கிரஷர் பக்கம் கொண்டாந்து நிறுத்தச் சொல்லிருப்பன். ஒத்தப் பைசா செலவில்ல.

கூரையில ஆயிரத்துக்கு மேல ஓட்ட போட்டு, ஒளிநார் சொருகி, நட்சத்திரம் மின்னுற மாதிரி செய்யறாங்களே, அதப்பத்தி ஒண்ணும் சொல்லல. எங்க வூட்டு ஓட்டுக் கூரையிலயும் அப்புடித்தான் இருந்துச்சு. மழ வந்தா ஒழுவும்.

நீ ஒண்ணு கேப்ப. பணம் இருக்கறவன் இஷ்டத்துக்குச் செய்யறான், உனக்கென்னா தாத்தான்னு. ஒண்ணுமில்லதான். ஆனா இஷ்டம் எதுவரைக்கும் போவும்னு சொல்றன், கேளு. 1910-ல கல்கத்தாவுல மேத்யூசன்னு ஒரு வெள்ளக்காரப் பணக்காரன். இங்கிலாந்துல புரூக் கம்பெனியில சொல்லி அன்னப்பறவ உருவத்துல ஒரு காரு செஞ்சு எறக்குனான். மொகப்புல நீட்டமாக் கழுத்து, தல, அலகு. கண்ணு ரெண்டுலயும் வெளக்கு. வழி வுடாத சனத்து மேல அலகுலேருந்து தண்ணி பீச்சும். இன்ஜின் புகையிலயே ஊதற ஹாரனு. இதோட வுட்டானா? பின்னாடி ஒரு அடைப்பான் வச்சு, அப்பப்ப வெள்ளையா சுண்ணாம்புக் கொழம்பு ரோட்டுல வுழற மாதிரி பண்ணிருக்கான். ஏன்? நெச அன்னம் எச்சம் போடும்ல, அதுக்கு! காசு குடுத்து எச்சம் போட வச்ச மகராசன். சனம் மெரண்டு ஓடி, ரோடு அடைச்சுப் போயி, போலீசு வந்து இத வெளிய எடுக்காதன்னுட்டாங்க. அப்புறம் நாபா மகாராஜா வாங்குனாரு. இப்ப நெதர்லாந்துல ஹேக் நகரத்து லௌமன் மியூசியத்துல நிக்குது. நம்மூரு கதையில அன்னம் பாலையும் தண்ணியயும் பிரிக்கும். அந்த அன்னம் காசயும் புத்தியயும் பிரிச்சுருச்சு.

இப்ப உன் வாட்ஸாப்புல வருமே, லண்டன் ஷோரூம்ல அவமானப்பட்ட மகாராஜா ரோல்ஸ் ராய்ஸ வாங்கியாந்து குப்ப அள்ள வுட்டாருன்னு. யாருடா அந்த ராஜா? ஒருத்தன் ஆல்வார்ங்கறான், ஒருத்தன் ஹைதராபாத்துங்கறான், இன்னொருத்தன் பாட்டியாலாங்கறான். குப்ப ஒண்ணு, ராஜா மட்டும் ஆளுக்கு ஆளு மாறுறாரு. கேக்க நல்லாருக்கு, கேட்டுக்க. சத்தியம் பண்ணாத.

உண்ம எது தெரியுமா? ஹென்றி ராய்ஸுன்னு ஒரு மனுசன். சின்னப் புள்ளயில பேப்பர் வித்தவரு. ரயில் பட்டறையில தொழில் பழகுனவரு. ஒரு பழைய பிரெஞ்சுக் காரு, டெகாவில்னு பேரு, செகண்ட் ஹேண்டுல வாங்குனாரு. அது நல்லா ஓடல. அவரு என்னா பண்ணுனாரு? பக்கத்துல நின்னு படமா எடுத்தாரு? கழட்டுனாரு. எது சரியில்லன்னு பாத்தாரு. இதவிட நல்லா நானே செய்வன்னு 1904-ல ஒரு காரு செஞ்சாரு. அந்த வருஷம் மே மாசம் மான்செஸ்டர்ல ஒரு ஓட்டல்ல சார்லஸ் ரோல்ஸ் வந்து பாத்தாரு. பணக்கார வூட்டுப் புள்ள, காரு விக்கறவரு. ரெண்டு பேரும் கூட்டு. ரோல்ஸ் 1910-லயே ஏரோப்ளேன் வுழுந்து போயிட்டாரு. ராய்ஸுக்கு அப்புறம் பெரிய பட்டமெல்லாம் குடுத்தாங்க, ஆனா அவரு தன்ன மெக்கானிக்குன்னுதான் சொல்லிக்கிட்டாரு. அந்தாளு நம்மூரு வந்திருந்தா டீக்கடையில உக்காரமாட்டாரு, எதிர்ல இருக்கற பட்டறையிலதான் நிப்பாரு. எனக்குப் புடிச்ச வெள்ளக்காரன் அவரு ஒருத்தர்தான்.

உனக்கு ஸ்டெப்னி மாத்தத் தெரியுமாடா? சிரிக்காத.

பழைய இங்கிலாந்து காருன்னா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்ட. மெட்ராசே அதுலதான ஓடுச்சு. எண்ணூர்ல அசோக் மோட்டார்ஸ் ஆரம்பிச்சது லாரியில இல்ல, ஆஸ்டின் காருல. 1955-ல லேலண்டு கூட்டு சேந்ததுக்கு அப்புறந்தான் அசோக் லேலண்டு. பாடிங்கற ஊர்ல லூகாஸ் டிவிஎஸ் 1961-ல வந்துச்சு. அந்த லூகாஸ் பேரச் சொன்னா பழைய இங்கிலாந்து கார் வச்சிருக்கறவன் இருட்டுக்கு ராஜான்னு கிண்டல் பண்ணுவான். எப்ப லைட்டு போவும்னு அவனுக்கே தெரியாதாம். ஆனா வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு கம்பெனி செஞ்ச கூத்து இருக்கே, அதக் கட்டாயம் சொல்லணும்.

இங்கிலாந்துல ரோவர்னு ஒரு பெரிய மனுசக் காரு. ஐரோப்பாவுல 1977-க்குச் சிறந்த காருன்னு பட்டம் வாங்குனது. உள்ள எட்டு சிலிண்டரு, மூணரை லிட்டர் இன்ஜினு. அத அங்க ஓரங்கட்டற சமயத்துல இவங்க இங்க கொண்டாந்து, 1985-ல ஸ்டாண்டர்டு 2000-ன்னு எறக்குனாங்க. பாக்க ராசா மாதிரி இருக்கும். நம்ம ரோட்டுக்காக ஒசத்தியும் வச்சாங்க. பானட்டத் தொறந்தாத்தான் சங்கதி. உள்ள இருந்தது 1991 சி.சி. நாலு சிலிண்டரு, பழைய ஸ்டாண்டர்டு வேன்கார்டு வம்சத்து இன்ஜினு. 83 குதிர சக்தி. அந்த வேன்கார்டு இன்ஜின வச்சு அந்தக் காலத்துல வேற என்னா ஓட்டுனாங்க தெரியுமா? ஃபெர்குசன் டிராக்டரு! மேல ரோவரு, உள்ள டிராக்டருக்குப் பங்காளி. வெல ஒசத்தி, பெட்ரோலு குடிக்கும், இழுவ இல்ல. மூணு நாலு வருஷத்துல மூடிட்டுப் போயிட்டாங்க.

அதுல ஒரு வேடிக்க. வண்டலூர்ல மிச்சமாக் கெடந்த ரோவர் சாமான அப்புடியே வாரி வாங்கிட்டுப் போனது யாருங்குற? இங்கிலாந்துல பழைய ரோவர் பாகம் விக்கற ரிம்மர் பிரதர்ஸ்ங்கற கடைக்காரங்க. அங்க ஒருத்தன் தன் ரோவருக்கு நெசமான சாமான் மாட்டியிருக்கேன்னு பீத்திக்கிட்டுத் திரிவான். அதுல பாதி வண்டலூர் சரக்கா இருக்கும், அவனுக்குத் தெரியுமோ என்னமோ.

பழசுக்கு அரசாங்கமும் மரியாத குடுக்குது. 2021-ல விதி போட்டாங்க. அம்பது வருஷம் தாண்டுன வண்டிக்கு நம்பர் பிளேட்டுல வி.ஏ.ன்னு தனி எழுத்து. புதுசாப் பதிய 20,000 ரூபா. ஆனா தெனமும் ரோட்டுல ஓட்டக்கூடாது, கண்காட்சிக்குப் போலாம். எனக்கும் அம்பது தாண்டி ரொம்ப நாளாச்சு. ஒரு எழுத்தும் குடுக்கல, டவுன் பஸ்ஸுலதான் போறன். பழசுதான் வேணும்னா சாத்தனூருக்குப் போடா. 12 கோடி வருஷத்து மரம், கல்லாக் கெடக்குது, 18 மீட்டர் நீளம். 1940-ல எம்.எஸ். கிருஷ்ணன்னு ஒரு மண்ணியல்காரரு கண்டு சொன்னாரு. எண்ண ஒழுவாது, ஸ்பேரு தேட வேணாம்.

வரி கதை தனி. நடிகர் விஜய் 2012-ல ரோல்ஸ் ராய்ஸ் எறக்குனாரு. நுழைவு வரிக்கு எதிரா கேஸு போட்டு, 2021-லதான் தீர்ப்பு, 1 லட்சம் அபராதத்தோட. மேல் பெஞ்சு அபராதத்த நிறுத்தி வச்சு, நீதிபதி சொன்ன கடுமையான வார்த்தயயும் அடுத்த வருஷம் நீக்குச்சு. காரு வாங்க ஆன நாளவிட கேஸுக்கு ஆன வருஷம் அதிகம். 2025 ஜூலையில இங்கிலாந்தோட வர்த்தக ஒப்பந்தம் போட்டாச்சு. 100 சதத்துக்கு மேல இருந்த வரி, கோட்டாவுக்குள்ள வர்ற காருக்குப் படிப்படியா 10 சதத்துக்கு எறங்குமாம். "அப்ப வெல கொறையும் தாத்தா"ங்குற. கொறையும்டா. கொறஞ்சும் உன் பத்தேக்கரா நெலத்த வித்தாலும் பத்தாது.

அப்புடியே வாங்கிட்டன்னு வையி. கிட்டத்தட்ட ஆறு மீட்டர் நீளம். நம்ம தெருவுல எங்க திருப்புவ? டிராக்டரே டிரெய்லரோட ரிவர்ஸ்லதான் வெளிய வருது. அந்த டிராக்டருன்னதும் ஞாபகம் வருது. காலையிலேருந்து ஸ்டார்ட் ஆவல. மாஸி ஃபெர்குசன்தான், உன் இங்கிலாந்து வம்சந்தான், போ, பெருமையாத் தொட்டுப் பாரு. டீசல் ஃபில்டரு அடைச்சிருக்கு, மாத்திட்டு ஏர் எடுக்கணும். அந்தப் போன வச்சுட்டு பதினாலாம் நம்பர் ஸ்பேனர எடுத்துக்கிட்டு வா. வெங்காயம் வயக்காட்டுலயே கெடக்கு.