பாம்புக்கு வழி விடுங்கள், காட்டில் அதற்கு வேலை இருக்கிறது

வாசகி, பொள்ளாச்சி: மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் பாம்பே இல்லாமல் போனால் என்ன குறைந்துவிடும்?

கொண்டைப் பாம்புக் கழுகுக்குச் சாப்பாடு குறையும். எலிகளுக்குப் பயம் குறையும். எலி பெருகினால் தரையில் விழும் விதையும் கூட்டில் இருக்கும் முட்டையும் அதன் வாய்க்குப் போகும். பாம்பும் பல்லியும் காட்டின் நடுப்படியில் இருப்பவை. பூச்சி, தவளை, எலி என்று தின்று, அந்தச் சத்தைக் கழுகுக்கும் கீரிக்கும் சேர்ப்பவை. நடுப்படி உடைந்த ஏணியை யாரும் ஏணி என்று சொல்வதில்லை.

வாசகர், தேனி: பாம்பையே பாம்பு தின்னுமா?

ராஜநாகத்துக்கு அதுதான் முக்கிய உணவு. சாரை, நாகம், குழிவிரியன் எதையும் விடாது, உடும்பையும் விழுங்கும். காட்டில் பாம்புகள் அளவோடு இருக்க அதுவும் ஒரு காரணம். அதற்கு இன்னொரு பெருமையும் உண்டு. பெண் ராஜநாகம் தன் உடலாலேயே சருகைக் கூட்டிக் குவித்துக் கூடு கட்டும். முட்டையிட்டுக் காவல் இருந்து, குஞ்சு பொரியும் நேரம் நெருங்கும்போது விலகிப் போய்விடும். கூட்டுக்குச் சருகு வேண்டும். சருகுக்கு மரம் வேண்டும். 2024-இல் ஆய்வாளர்கள் ராஜநாகத்தை நான்கு இனங்களாகப் பிரித்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்வது உலகில் வேறெங்கும் இல்லாத தனி இனம். இங்கே அழிந்தால் எங்குமே இல்லை.

வாசகி, கம்பம்: பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்துமாமே?

கொத்தாது. அது புதரில் நம் முக உயரத்தில் அசையாமல் கிடந்து பல்லிக்கும் ஓணானுக்கும் காத்திருக்கும் பாம்பு. சீண்டினால் சீறிப் பாயும், கண்ணைக் குறிபார்ப்பதில்லை. அதன் லேசான விஷம் இரையை அடக்கத்தான் உதவும். 'கண்கொத்தி' என்று நாம் வைத்த பெயரே அதற்கு எமனாகிவிட்டது.

வாசகர், நாகர்கோவில்: பறக்கும் ஓணான் நிஜமாகவே பறக்குமா?

சிறகடித்துப் பறக்காது, மிதந்து போகும். நீண்ட விலா எலும்புகளைக் குடைக்கம்பிபோல விரித்தால் அவற்றின் மேலுள்ள தோல் இறக்கையாகிவிடும். மரத்துக்கு மரம் தாவி எறும்பு தின்னும். முட்டையிட மட்டும் பெண் ஓணான் தரைக்கு இறங்கும். மரம் இடைவெளி விட்டுப்போனால் அதன் பாதையே அறுந்துவிடும்.

வாசகர், வால்பாறை: மழை பெய்தால் சாலையில் மண்புழுபோல நெளிகிறதே, அது குட்டிப் பாம்பா?

வளர்ந்த பாம்பாகவே இருக்கலாம். கேடயவால் பாம்புகள் என்று ஒரு குடும்பம். தீபகற்ப இந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகில் எங்கும் கிடையாது. மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து, மண்புழு தின்று, முட்டையிடாமல் குட்டி போடும். அது நகரும் வழியெல்லாம் மண் இளகும். மழைநாளில் மேலே வருவதைத்தான் நம் சக்கரங்கள் நசுக்குகின்றன. மலைச்சாலையில் மெதுவாகப் போனால் அது பிழைக்கும்.

வாசகி, மதுரை: பல்லியால் மரம் வளருமா?

வளரும். பிலிப்பைன்ஸின் லூசான் தீவுக் காட்டில் பழம் தின்னும் உடும்பு இருக்கிறது. விழுங்கிய பழத்தின் விதை எச்சத்தோடு வேறிடம் போய்ச் சேரும். மொரீஷியஸில் பகல்பல்லிகள் பூவில் தேன் நக்கும்போது மகரந்தமும் கூடவே பயணம் செய்கிறது.

வாசகர், கோவை: தவளை செத்தால் பாம்புக்கு என்ன?

பனாமாவின் எல் கோப்பே காட்டைக் கேளுங்கள். 2004-இல் அங்கே பூஞ்சை நோய் வந்து தவளைகள் கொத்துக்கொத்தாக மடிந்தன. பிறகு பார்த்தால் பாம்பு இனங்கள் குறைந்திருந்தன. எஞ்சிய பாம்புகளில் பலவும் மெலிந்திருந்தன. பாம்பை யாரும் அடிக்கவில்லை. இலையில் சோறு விழவில்லை, அவ்வளவுதான்.

வாசகர், சேலம்: பாம்பு இவ்வளவு நல்லதென்றால், இல்லாத ஊரில் கொண்டுபோய் விடலாமா?

கூடவே கூடாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கப்பல் சரக்கோடு குவாம் தீவுக்குப் பழுப்பு மரப்பாம்பு போய்ச் சேர்ந்தது. பாம்பையே அறியாத அந்தத் தீவின் காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவை அழிந்தன. பறவை போனதும் சிலந்தி பெருகியது; விதை பரப்ப ஆள் இல்லாமல் காடு தவிக்கிறது. அதே பாம்பு தன் சொந்தக் காட்டில் யாருக்கும் பாரமில்லை. இடம் மாறினால் வரமும் சாபமாகும்.

வாசகர், தென்காசி: எல்லாம் சரி, எதிரே வந்தால் நடுங்குகிறதே?

பயப்படுங்கள், தவறில்லை. பயத்தைக் காலுக்குக் கொடுங்கள், கைக்குக் கொடுக்காதீர்கள். விலகி நில்லுங்கள், தடியைத் தேடாதீர்கள். வீட்டுக்குள் வந்தால் தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். கடித்துவிட்டால் கீறவோ, உறிஞ்சவோ, இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்துதான் காப்பாற்றும். காட்டுக்குள் நாம் விருந்தாளி. வழிவிட வேண்டியது நாம்தான்.