சிட்டிகையியல்: மூக்குப்பொடி குறித்து ஒரு முன்னாய்வு

சாம்பலைப் பார்த்தே அது எந்தப் புகையிலை என்று சொல்வது எப்படி என்பதற்கு ஷெர்லக் ஹோம்ஸ் தனி நூலே எழுதியவர். சுருட்டு, சிகரெட், பைப் புகையிலை என 140 வகை. சாம்பலின் நிறம் விளங்க வண்ணப் படங்கள் வேறு. ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ கதையில் வாட்சனிடம் அவரே இதைச் சொல்லிக்கொள்கிறார். உதாரணத்துக்கு அவர் எடுப்பது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு; அதன் சாம்பல் கறுப்பாம். இல்லாத ஒரு மனிதர் எழுதிய இல்லாத ஒரு நூலில் நம் ஊர்ப் பெயர் ஏறிவிட்டது. திருச்சிக்காரர்கள் இதற்கு ஒரு விழா எடுக்காமல் இருப்பது அவர்களுடைய அடக்கத்தையே காட்டுகிறது.

ஆனால் மூக்குப்பொடி எரிவதில்லை. எரியாததற்குச் சாம்பல் கிடையாது. ஆகவே 140-இல் அதற்கு இடமும் கிடையாது. இத்தனைக்கும் ஹோம்ஸ் பொடி போடுகிறவர். ‘எ கேஸ் ஆஃப் ஐடென்டிட்டி’யில் அவர் வாட்சன்முன் நீட்டும் டப்பி தங்கத்தில் செய்தது, மூடியின் நடுவே பெரிய செவ்வந்திக்கல், பொஹீமியா ராஜா கொடுத்தது. அண்ணன் மைக்ராஃப்டிடம் இருப்பது ஆமையோட்டு டப்பி. கோட்டில் சிந்தியதைத் தட்டிவிட அவர் பெரிய சிவப்புப் பட்டுக் கைக்குட்டை வைத்திருந்தார். குடும்பமே பொடிக் குடும்பம். 1891-இல் வெளிவந்த ‘தி ரெட் ஹெடட் லீக்’ கதையில், வீட்டுக்கு வந்தவரைப் பார்த்த மாத்திரத்தில், இவர் உடலுழைப்பு செய்தவர், சீனாவுக்குப் போனவர், அண்மையில் நிறைய எழுதியவர், பொடி போடுகிறவர் என்று ஹோம்ஸ் அடுக்குகிறார். கை பெருத்திருப்பது, பச்சை குத்திய மீன், சட்டைக் கையின் மினுமினுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிறார். பொடியைப் பற்றிக் கேட்டதும், அதையெல்லாம் விளக்கி உங்கள் அறிவைக் குறைத்து மதிப்பேனா என்கிற தோரணையில் நழுவிவிடுகிறார்.

ஆய்வுலகில் இதற்கு ‘ஆய்வு இடைவெளி’ என்று பெயர். 130 ஆண்டுகளுக்கு மேலாகத் திறந்துகிடக்கும் இந்த இடைவெளியை அடைப்பதே என் நோக்கம். ஆய்வுக்களம், கும்பகோணத்தில் என் பெரியப்பா வீட்டுத் திண்ணை. முதன்மைத் தரவு, என் பெரியப்பா. துணைக் கருவி, என் மூக்கு.

முதலில் சொல்லாராய்ச்சி, அது இல்லாமல் தமிழில் எந்த ஆய்வும் தொடங்கக் கூடாது. தேவாரத்தில் பொடி என்றால் திருநீறு. கோயில் ஊர்களில் ஒரு பொடி நெற்றியிலும் மற்றொரு பொடி அதற்கு மூன்று விரற்கடை கீழேயும் குடியிருக்கின்றன. இரண்டுக்கும் இன்றுவரை எல்லைத் தகராறு இல்லை. சீனிச்சர்க்கரைப் புலவர் பாடி உ.வே.சா. பதிப்பித்த ‘புகையிலை விடு தூது’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. மும்மூர்த்திகளுக்குள் ஒரு வழக்கு. ஆளுக்கொரு இலையைக் கொடுத்து, அடுத்த தவணைக்குக் கொண்டுவரச் சொல்கிறார்கள். சிவனுடைய வில்வத்தைக் கங்கை அடித்துக்கொண்டு போகிறது. திருமாலின் துளசியைப் பாற்கடல் கொண்டுபோகிறது. பிரமனுடைய இலை மட்டும் சரஸ்வதியிடம் பத்திரமாக இருக்கிறது. மற்ற இலைகள் போயின, எங்கள் இலை போகையிலை, அதுவே புகையிலை. அமெரிக்காவில் விளைந்து போர்ச்சுக்கீசியர் கப்பலேறி நம் கரைக்கு வந்த இலை என்பதால் அந்த வழக்கு கொலம்பஸுக்குப் பிறகுதான் நடந்திருக்க வேண்டும் என்று காலம் கணிக்கலாம். தேவலோகத்திலும் வழக்குகள் தேங்கிக்கிடந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

‘பொடி வைத்துப் பேசுதல்’ என்ற தொடர், தட்டார் பற்றவைக்கும் பொடியிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். பெரியப்பா இதை ஒப்புக்கொள்வதில்லை. ‘‘தட்டான் எங்கடா பேசறான்? அவன் வாயில ஊதுகுழல் இருக்கும்.’’ இந்த வாதத்தின் முக்கியத்துவம் பின்னால் விளங்கும்.

மாதிரிகளுக்கு வருவோம். மாதிரி ஒன்று, கடைத்தெருவில் ஜாடிப் பொடி. புகையிலையை வறுத்து, இடித்து, சலித்து, சுண்ணாம்பும் நெய்யும் சேர்த்துப் பிசறியது. சுண்ணாம்பு சும்மா காரத்துக்கு என்று நினைத்திருந்தேன்; அதில் ரசாயனமும் இருக்கிறது. காரத்தன்மை ஏறினால் நிகோடின் தன் உப்புக் கட்டிலிருந்து விடுபட்டு மூக்கின் உட்சவ்வில் சீக்கிரம் இறங்கும். நெய் தூளைப் பறக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும், வாசனையையும் தாங்கும். கடைக்காரர் நீளக் காம்புள்ள சின்னக் கரண்டியை ஜாடியின் கழுத்துக்குள் விட்டு, அடிவரை ஒரு கிளறு கிளறி, காய்ந்த வாழைப்பட்டைத் துண்டில் கொட்டி, ஓரங்களை மடக்கி நூலால் நாலு சுற்றுச் சுற்றுவார். அதுதான் பொடிமட்டை. கரண்டியில் மிச்சம் ஒட்டியிருப்பதை வாங்கவந்தவர் விரலில் ஒரு தட்டுத் தட்டிக் கொடுப்பது வழக்கம். அந்த ஓசிப் பொடிக்கு மட்டும் ருசி அதிகம் என்பது பெரியப்பாவின் அனுபவம். இலவசப் பொருள்களின் வேதியியல் நம் பாடத்திட்டத்தில் இல்லாததால் மேலே ஆராயவில்லை.

இதில் உச்ச நிலையில் இருப்பது பட்டணம் பொடி. ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து சுவர்களைப் பார்த்தே எழுத்துக்கூட்டிப் படித்த தலைமுறை ஒன்று உண்டு; ‘டி.ஏ.எஸ். ரத்தினம் பட்டணம் பொடி’ அவர்களுடைய முதல் வாசகப் பாடம். ஜாடிப் பொடியைப் போட்ட மாத்திரத்தில் எனக்கு ஏற்பட்டது: முதலில் நெய் காய்ந்த மணம், பிறகு மண்வாசனை மாதிரி ஒன்று, பிறகு கண்ணுக்கு நடுவில் யாரோ குண்டூசி ஏற்றியது, பிறகு தும்மல். தும்மல்களை எண்ணும் பொறுப்பைப் பெரியம்மாவிடம் விட்டிருந்தேன். ஏழுக்கு மேல் அவர் எண்ணவில்லை; எழுந்து போய்ப் பால்பாத்திரத்தை மூடிவைத்தார்.

மாதிரி இரண்டும் மூன்றும் ஜெர்மனியிலிருந்து வந்தவை. மியூனிக்கில் வேலை பார்க்கும் அத்தை பையன், பெரியப்பாவுக்குச் சாக்லேட் கொடுத்தால் சர்க்கரை ஏறும் என்று பயந்து, பொடி வாங்கிவந்திருந்தான். இதிலுள்ள தர்க்கத்தை நான் அப்போதே சுட்டிக்காட்டியிருக்க வேண்டும். ஒன்றின் பெயர் கிளெட்ஷர்பிரீஸ்; பனியாற்றுச் சிட்டிகை என்று பொருள். பெயருக்கேற்ப மென்தால். இழுத்ததும் நெற்றிக்குள் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. தும்மலே வரவில்லை. பெரியப்பா ஒரு சிட்டிகை போட்டார்; கூரையைப் பார்த்தார்; தீர்ப்புச் சொன்னார்: ‘‘இது பொடியில்ல. அமிர்தாஞ்சனத்துக்குத் தம்பி.’’

மற்றது ஷ்மால்ட்ஸ்லர், பவேரியாவின் சொந்தப் பொடி. கறுப்பாக, ஈரமாக, கொஞ்சம் கொரகொரப்பாக இருந்தது. பிரேசில் புகையிலையை வைத்துச் செய்வது. முகர்ந்தால் ஊறிய பேரீச்சம்பழத்தையும் பழைய வெல்லப்பானையையும் பக்கத்தில் வைத்தது போல் ஒரு மணம். பெயருக்கு என்ன அர்த்தம் என்று அத்தை பையனைக் கேட்டதும், ஷ்மால்ட்ஸ் என்றால் உருக்கிய கொழுப்பு, அந்தக் காலத்தில் இதில் உருக்கிய வெண்ணெய் சேர்ப்பார்கள் என்றான். திண்ணையில் ஒரு நிமிடம் பேச்சில்லை. ‘‘அப்ப நெய்தானேடா!’’ என்றார் பெரியப்பா. ஆல்ப்ஸ் அடிவாரத்தில் ஒருவனும் காவிரிக் கரையில் ஒருவனும், ஒருவரையொருவர் கேட்காமல், புகையிலையில் நெய் ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள். ஒப்பிலக்கியத் துறைகள் கம்பனையும் மில்டனையும் விட்டு இறங்கிவந்தால் செய்வதற்கு எவ்வளவோ வேலை இருக்கிறது.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பவேரியர்கள் பொடியைப் புறங்கையில் கொட்டி அங்கிருந்து உறிஞ்சுவார்கள். கட்டைவிரலை விரித்தால் மணிக்கட்டருகே ஒரு குழி விழுகிறதே, உடற்கூற்றியலார் அதற்கே பொடி டப்பி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கீழே விழுந்து கையூன்றியவர்களுக்கு அந்தக் குழியை அமுக்கினால் வலிக்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளே இருக்கும் படகெலும்பு முறிந்திருக்குமோ என்று மருத்துவர் சந்தேகிப்பார். ஆக, பொடியே தொடாதவரும் இரண்டு டப்பிகளோடுதான் பிறக்கிறார். பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் தன் குழியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘‘மூடி இல்லையே’’ என்றார்.

இந்த மறுமொழிதான் என் ஆய்வைத் திசை திருப்பியது. அதுவரை நான் பொடியின் சிறப்பைப் பொடியில் தேடிக்கொண்டிருந்தேன்.

பெரியப்பாவின் டப்பி பித்தளை. ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டம். இடுப்பு மடியிலிருந்து வெளியே வரும். மூடியின்மேல் ஆள்காட்டி விரலால் டொக், டொக் என்று இரண்டு தட்டு. மூடியில் ஒட்டிய தூள் கீழே இறங்க வேண்டும் என்பது காரணம். திறந்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உள்ளே போய் ஒரு சிட்டிகை எடுத்து, வேண்டாததை உதறும். மூடி திரும்பவும் மூடப்படும். டப்பி மடிக்குப் போகும். இப்போது சிட்டிகை மட்டும் காற்றில், மார்புக்கும் மூக்குக்கும் நடுவழியில், நிற்கிறது. பெரியப்பா பேசத் தொடங்குகிறார்.

இந்த நிலைக்கு நான் ‘பிடிகாலம்’ என்று பெயரிட்டிருக்கிறேன்: சிட்டிகை எடுத்ததற்கும் இழுத்ததற்கும் இடைப்பட்ட நேரம். பொடியின் காரமோ நெய்யோ அதைத் தீர்மானிப்பதில்லை, விஷயம்தான் தீர்மானிக்கிறது. தண்ணீர் வரி உயர்வு என்றால் எடுத்த கையோடு இழுத்துவிடுவார். கோயில் தேர் நிலைக்கு வராத விவகாரம் கொஞ்சம் நீளும். ‘‘அந்த சம்பந்தம் ஏன் கலைஞ்சு போச்சுன்னு உனக்குத் தெரியுமா?’’ என்று கேட்டுவிட்டு அவர் சிட்டிகையைத் தூக்கிய ஒரு மாலையில், கூடத்துச் சுவர்க்கடிகாரத்தில் முக்கால் நிமிடம் போனதை நானே பார்த்தேன். காப்பி ஆறியது. பெரியம்மா கையில் கரண்டியோடு நிலைப்படியில் நின்றார். தெருவில் போன கீரைக்காரம்மாகூடக் கூடையை இறக்கிவைத்தார். இழுப்பு வலது நாசிக்கு ஒன்று, இடது நாசிக்கு ஒன்று. அப்புறம்தான் விடை வந்தது. விடை சுமார்தான்.

அச்சில் நாம் கால்புள்ளி, அரைப்புள்ளி என்று வைப்பதைத் திண்ணையில் பொடி வைத்துச் செய்கிறார்கள். பொடி வைத்துப் பேசுதல் என்ற தொடருக்கு வேறு எங்கும் போக வேண்டியதில்லை. தட்டார் கட்சி இத்துடன் தோற்றது. முதலமைச்சராக இருந்த அண்ணா பொடி போடுவார் என்பது ஊரறிந்தது. அடுக்குமொழிக்கு நடுவே அவர் விடும் நிறுத்தத்துக்கும் பொடிக்கும் உறவு உண்டா என்பதை அரசியல் அறிவியல் துறைக்கு விட்டுவைக்கிறேன். இங்கிலாந்து மக்களவையில் 1693-இலிருந்து புகைக்கத் தடை. அதற்கு ஈடாக, வாசற்காவலரிடம் உறுப்பினர்களுக்கு இலவசப் பொடி உண்டு. பேச்சே தொழிலான இடத்தில் எது இல்லாமல் நடக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. போப் எட்டாம் அர்பன் 1642-இல், செவில் நகரத் தேவாலயங்களில் பொடி போடுகிறவர்களைச் சபையிலிருந்து விலக்கப்போவதாக எச்சரித்ததும் இதனால்தான் இருக்கும். ஒரே இடத்தில் இரண்டு பிரசங்கம் நடக்க முடியாது. 1725-இல் பதின்மூன்றாம் பெனடிக்ட் அந்தத் தடையை எடுத்தார்.

ஹோம்ஸ் விட்ட இடைவெளியையும் அடைத்துவிடுகிறேன். பொடி போடுகிறவரைக் கண்டுபிடிக்க பூதக்கண்ணாடி தேவையில்லை. மேல்துண்டு காப்பிக்கலரில் இருக்கும். வெள்ளைத் துண்டு என்றால் அதைத் துவைப்பவரின் முகத்தைப் பார்த்தால் போதும். பெரியப்பாவின் கைக்குட்டைகள் மற்ற துணிகளோடு ஒரே வாளியில் ஊறக் கூடாது என்பது அந்த வீட்டின் எழுதாத சட்டம். பெரியம்மா அவற்றைக் குச்சியால்தான் எடுப்பார்.

கள ஆய்வு எதிர்பாராத விதமாகத்தான் முடிந்தது. ரத்த அழுத்தம் ஏறியிருப்பதாகச் சொல்லி மருத்துவர் பொடியை அடியோடு நிறுத்தச் சொன்னார். பெரியம்மா அன்றைக்கே மிச்சத்தைக் கொட்டி, டப்பியைப் புளிபோட்டுத் தேய்த்து, பூஜைச் சாமான் மாதிரிப் பளபளக்கவைத்தார். மறுநாள் காலை திண்ணையில் டொக், டொக். பெரியப்பா காலி டப்பியைத் திறந்தார், இரு விரலால் ஒன்றுமில்லாததை எடுத்தார், உதறினார், மூடினார், பேசினார். பிடிகாலத்தில் ஒரு நொடிகூடக் குறையவில்லை. நாங்கள் எல்லோரும் வழக்கம்போல் வாய் திறந்து காத்திருந்தோம்.

அப்போதுதான் பக்கத்துத் தெரு வாத்தியார் வந்தார். கண்புரைக்கு ஆபரேஷன் செய்துகொள்ளத் தை பிறக்கட்டும் என்று நாலு தையாகத் தள்ளிப்போட்டு வருகிறவர். உட்கார்ந்ததும் கையை நீட்டினார். பெரியப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மரியாதையாக டப்பியைத் திறந்து நீட்டினார். வாத்தியார் விரலை விட்டு ஒரு சிட்டிகை எடுத்தார், வலதில் ஒரு இழுப்பு, இடதில் ஒரு இழுப்பு, துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

‘‘காரம் முன்ன மாதிரி இல்லையே ஓய்,’’ என்றார். ‘‘கடைய மாத்திட்டீரா?’’