பூங்குழலி வந்துவிடுவாள்

கேள்வி: வேதாரண்யத்தில் எங்கள் வீட்டு ஓடும் தென்னைகளும் கஜா புயலில் போய்விட்டன. இப்போது பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறேன். அணைப்பக்கம் மழை இரைந்தாலே தூக்கம் போய்விடும். எழுந்து 'பொன்னியின் செல்வன்' படிப்பேன். நிஜமாக அடிபட்டவள் கதைப் புத்தகத்தில் ஆறுதல் தேடலாமா?
- வாசகி, அமராவதி நகர்

பதில்: தாராளமாகத் தேடலாம், சகோதரி. நிஜத்துக்குப் பயந்து ஓடுகிறவர் புயலே இல்லாத கதையை அல்லவா எடுத்திருப்பார்! நீங்கள் எடுத்தது உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கோடிக்கரைப் பெண் பூங்குழலி படகோட்டும் கதை. 1950 முதல் 1954 வரை கல்கி தொடராக எழுதியது. நடுக்கடலில் கதாநாயகன் வந்தியத்தேவன் இருக்கும் கப்பல் புயலில் சிக்கி எரிகிறது. ஐந்தாம் பாகத்தில் நாகப்பட்டினத்துக்குள் கடலே புகுந்துவிடுகிறது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையேறியபோது, அடுத்த நிமிடம் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது. புத்தகத்தில் தெரியும். பத்தாம் முறை படித்தாலும் பூங்குழலி படகோடு வந்துவிடுவாள். நிவாரணப் பட்டியலில் பெயர் விட்டுப்போகலாம், அவள் படகில் உங்களுக்கு எப்போதும் இடம் உண்டு.

அன்று அழக்கூட நேரம் இருந்திருக்காது. ஓடு பொறுக்கவும், குடிதண்ணீர் தேடவும், சாய்ந்த தென்னைகளை எண்ணவுமே பொழுது சரியாக இருந்திருக்கும். அந்த அழுகை உள்ளேயே பாக்கி நிற்கிறது. அதே கதையில் வரும் மணிமேகலைக்காகக் கண்ணீர் விடும்போது அதில் கொஞ்சம் கழியட்டும்.

ஐந்து பாகமும் முடிந்தால் நூலகத்தில் 'சிவகாமியின் சபதம்' கேளுங்கள். அதில் ஏரி உடைந்து வெள்ளம் வருகிறது, இளவரசர் மாமல்லரும் நேரத்துக்கு வந்துவிடுகிறார்.