தோஷ்தே மாமி

சென்னையில் ஜப்பானிய மொழி படிக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஒரகடம் பக்கம் ஜப்பான் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறவர், டோக்கியோவுக்கு ஆன்சைட் போகத் துடிக்கிற ஐ.டி.காரர், அங்கே முதியோர் பராமரிப்பு வேலைக்குக் கிளம்பும் நர்ஸ், அனிமே பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட கல்லூரிப் பையன், ஓய்வு பெற்றபின் சுடோக்குவும் அலுத்துப்போன பேங்க் ஆபீசர் என்று எத்தனையோ ரகம். இத்தனை பேரில் அந்த மொழியில் யாரோடாவது பேச வேண்டும் என்பதற்காகப் படிக்கிறவரைத் தேடிப் பிடிப்பதுதான் சிரமம்.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஜே.எல்.பி.டி. என்ற தேர்வு 1984 முதல் நடக்கிறது. இப்போது ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூலையிலும் டிசம்பரிலும். என் 5இல் ஏறத் தொடங்கி என் 1 வரை ஐந்து படிகள். சொல், இலக்கணம், வாசிப்பு, கேட்டல் எல்லாவற்றையும் சோதிப்பார்கள். பேச்சை மட்டும் சோதிக்க மாட்டார்கள். ஒவ்வொரு பிரிவிலும் 19க்குக் குறையாமல், மொத்தம் 180க்கு 100 எடுத்துவிட்டால் நீங்கள் என் 1. அதாவது, மௌன விரதம் இருந்தபடியே பென்சிலால் கட்டங்களைக் கறுப்பாக்கி மொழியின் உச்சிக்குப் போய்விடலாம். அப்படிப் போனவர்களை எனக்குத் தெரியும். உச்சியிலும் மௌனமாகத்தான் இருக்கிறார்கள்.

இவர்களை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மொட்டைமாடியில் உட்காரவைத்துப் பேச வைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. உரையாடலை ஜப்பானிய மொழியில் கைவா என்பார்கள். எங்கள் கூட்டத்துக்கும் ‘கைவா’ என்றே பெயர் வைத்திருந்தோம். கூட்டத்தில் நடந்த ஒரே உரையாடல் அதுதான்.

சுயஅறிமுகம் மட்டும் பிரமாதமாக நடக்கும். “ஹஜிமெமாஷிதே” என்று தொடங்கி, பெயர், ஊர், வேலை, பொழுதுபோக்கு சொல்லி, “யோரோஷிகு ஒனெகாய் ஷிமாஸ்” என்று இடுப்பை வளைத்து முடிக்கும்போது ஒவ்வொருவரும் அசல் ஜப்பானியராகவே தெரிவார்கள். மனப்பாடம் செய்தது, தடங்கலே இருக்காது. ஹஜிமெமாஷிதே என்பதை முதல் முறை சந்திக்கும்போதுதான் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் வாராவாரம் அதே ஆட்களை முதல் முறையாகச் சந்தித்தார்கள். அறிமுகம் முடிந்ததும் எல்லோரும் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருக்கும் காக்கையைப் பார்ப்பார்கள். காக்கை எங்களைப் பார்க்கும்.

இதில் பாடப்புத்தகத்துக்கும் பங்கு உண்டு. 1998இல் வந்த ‘மின்னா நோ நிஹோங்கோ’வைத் தாண்டாமல் இங்கே யாரும் ஜப்பானிய மொழிக்குள் நுழைய முடியாது. அதில் மில்லர் என்று ஓர் அமெரிக்கர் ஐ.எம்.சி. கம்பெனியில் வேலை பார்க்கிறார். நம் ஊர்க் கணக்குக்கு குப்தா என்று ஒருவரும் அங்கேயே இருக்கிறார். தங்கமான மனிதர்கள். மணி கேட்பார்கள், விலை கேட்பார்கள், ஸ்டேஷனுக்கு வழி கேட்பார்கள். ஆனால் ஐம்பது பாடம் முடிந்த பிறகும் மில்லருக்கு ஒரு மாமியாரோ, கடனோ, மூட்டுவலியோ இருப்பதாகத் தெரியவில்லை. ஐம்பதாம் பாடத்தில் மனிதர் பேச்சுப் போட்டியில் முதல் பரிசே வாங்கிவிடுகிறார். இவரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வம்பு எங்கிருந்து வரும்?

வானிலையைப் பற்றிப் பேசலாம் என்பது அடுத்த யோசனை. ஜப்பானில் அது நன்றாகவே ஓடும். வசந்தத்தில் செர்ரிப் பூ, ஜூனில் அடைமழை, இலையுதிர் காலத்தில் மேப்பிள், குளிரில் பனி என்று வானமே தலைப்பு எடுத்துக் கொடுத்துவிடும். இங்கே மே மாதத்து மொட்டைமாடியில் ஒருவர் “அட்ஸுய் தெஸ் நே” என்றார், வெயில் தாங்கவில்லை என்று. இன்னொருவர் “ஸோ தெஸ் நே” என்று ஆமோதித்தார். ஆயிற்று. அதற்குமேல் சென்னை வானிலையில் பேச ஒன்றுமில்லை.

பிறகு உண்டியல் வைத்தோம். தமிழில் வாய் திறந்தால் வார்த்தைக்குப் பத்து ரூபாய். சேர்கிற பணத்தில் பஜ்ஜி வாங்குவதாகத் திட்டம். விளைவு, முன்பு தமிழிலாவது பேசிக்கொண்டிருந்தவர்கள் அதையும் நிறுத்திவிட்டார்கள். உண்டியல் காலியாகவே கிடந்தது. பஜ்ஜியும் போயிற்று.

ஒரு நாள் அசல் ஜப்பானியர் ஒருவரையே வரவழைத்தோம். அவரைக் கண்டதும் என் 2காரர்கள் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தது மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் மட்டும் துணிந்து “கொன்னிச்சிவா” என்றார். உடனே அந்த ஜப்பானியர் முகம் மலர்ந்து, “நிஹோங்கோ ஜோஸு தெஸ் நே” என்றார். உங்கள் ஜப்பானிய மொழி அருமையாக இருக்கிறதே என்று பொருள். ஒரே ஒரு வணக்கத்துக்கு இந்தப் பாராட்டு. இதைக் கேட்காத வெளிநாட்டவர் ஜப்பானில் கிடையாது. அவர்கள் இப்படிப் பாராட்டுவதை நிறுத்தும் நாளில்தான் உங்களுக்கு உண்மையிலேயே மொழி வந்துவிட்டது என்று அர்த்தம் என்பது படிக்கிறவர்களிடையே பழைய ஜோக். நம்மவர் மரியாதைப்படி, “இல்லையில்லை, இன்னும் எவ்வளவோ இருக்கிறது” என்று மறுத்தார். அவர் குனிந்தார். இவர் குனிந்தார். பேச்சு அங்கேயே சமாதியானது.

பேங்க் ஆபீசர் சாருக்கு இதில் தனிக் கொள்கை உண்டு. தமிழும் ஜப்பானிய மொழியும் உறவு என்று ஓனோ சுசுமு என்ற ஜப்பானியப் பேராசிரியர் பல ஆண்டுகள் வாதாடினார். நம் பொற்கோவும், யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் தம்பதியும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளவில்லை. வினைச்சொல் கடைசியில் வருவது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது போன்ற ஒற்றுமைகள் படிக்கிற நமக்குச் சௌகரியம், அவ்வளவுதான். சார் மட்டும் உறவு உறவுதான் என்பார். இருக்கலாம். உறவுக்காரர்கள் என்றால் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பது நம் பக்கத்தில் சகஜம்தானே.

உண்மையில் பேச்சைக் கொன்றது கூச்சம்கூட இல்லை, திருத்தம். நாகோயாவில் வேலை கிடைத்து ஏப்ரலில் கிளம்பவிருந்த ஒரு பெண், ஒரு ஞாயிறன்று ஏதோ மனக்குறையோடு வந்திருந்தாள். அறிமுகப் படலம் முடிந்து காக்கைப் படலம் தொடங்கும் நேரத்தில் தானாகவே வாய் திறந்தாள். “கினோ... ஒகாஸான் நி... கென்கா ஷிமாஸ்.” நேற்று அம்மாவோடு சண்டை என்று சொல்ல வந்திருக்கிறாள்.

“நி இல்லை, தோ” என்றார் ஐ.டி.காரர்.

“சொந்த அம்மாவைச் சொல்லும்போது ஒகாஸான் வராது. ஹாஹா” என்றார் பேங்க் ஆபீசர்.

“கினோன்னா நேத்து. அப்போ ஷிமாஷிதா” என்றார் தரக்கட்டுப்பாடு.

மூன்று பேர் சொன்னதும் சரி. ஒரு பெண் அம்மாவோடு சண்டை போட்டுவிட்டு வந்து நிற்கிறாள், எங்கள் காதில் விழுந்தது வேற்றுமை உருபு. அவள் மூன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு மூடிவிட்டாள். அந்தத் திருத்தங்களும் தமிழில்தான் நடந்தன. உண்டியல் பக்கம் யாரும் திரும்பவில்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

அப்போதுதான் மூலையிலிருந்து ஒரு குரல். “தோஷ்தே?”

ஏன் என்று கேட்டது மாமி. மாமி என் 5இன் வாசல்படியில் நிற்கிறவர். மகன் யோகோஹாமாவில் இருக்கிறான், மருமகள் அந்த ஊர்க்காரி. சம்பந்தியம்மாவோடு நாலு வார்த்தை பேச வேண்டும் என்று படிக்க வந்தவர். எங்கள் கூட்டத்தில் பேசுவதற்காகப் படித்த ஒரே ஜீவன். அவர் கைவசம் இருந்த உருப்படியான வார்த்தைகள் இரண்டு: தோஷ்தே, ஸோரேகாரா. ஏன், அப்புறம்.

பாட்டி கதை சொல்லும்போது உம் கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும் இல்லையா? ஜப்பானியர் அதை ஒரு கலையாகவே வைத்திருக்கிறார்கள். ஐஸுச்சி என்பார்கள். எதிரே இருப்பவர் பேசப் பேச ‘ஹாய்’, ‘ஏ’, ‘நாருஹோதோ’ என்று இடையில் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தொலைபேசியில் இதைச் செய்யாமல் சும்மா இருந்தால் லைன் கட்டாகிவிட்டதோ என்று “மொஷி மொஷி?” என்பார்கள். என் 1 வரை போனவர்களுக்கு இந்த உம் வரவில்லை. மாமிக்கு மயிலாப்பூரிலிருந்து கிளம்பும்போதே வந்திருந்தது.

“கெக்கோன்” என்றாள் பெண். கல்யாணம்.

மொட்டைமாடியே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டது.

தரக்கட்டுப்பாடு என் காதில் கிசுகிசுத்தார்: “சார், இது டொயோட்டா முறை. ஓனோ தாயிச்சி சொன்னது. அஞ்சு தடவை ஏன் கேட்டா மூல காரணம் வந்துடும்.” அதற்கு அவர் கம்பெனியில் பயிற்சி வகுப்பு உண்டாம். மாமி பயிற்சி எதுவும் இல்லாமல் இரண்டாவது ஏனுக்குப் போய்விட்டிருந்தார்.

தோஷ்தே? நாகோயாவுக்குப் போகும் முன்பே கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்கிறாள் அம்மா. தோஷ்தே? போனால் திரும்பி வரமாட்டாளோ என்று பயம். ஒவ்வொரு பதிலுக்கும் அந்தப் பெண் எங்கெங்கிருந்தோ வார்த்தை தேடிக் கொண்டுவந்தாள். கிடைக்காத இடத்தில் சைகை, அதுவும் போதாதபோது பத்து ரூபாய்.

இதற்குள் கூட்டம் கட்சி பிரிந்துவிட்டது. அம்மா சொல்வதே நியாயம் என்று பேங்க் ஆபீசர் கையை நீட்டிப் பேசினார், முழு ஜப்பானிய வாக்கியத்தில். நான் அதுவரை கேட்டிராத வாக்கியம். அனிமே பையன் குறுக்கிட்டு “ஓமாஏ!” என்று தொடங்கினான். அவன் பார்க்கிற தொடர்களில் எல்லோரும் எதிரியை அப்படித்தான் விளிக்கிறார்கள், அவனுக்கு வேறு முன்னிலை தெரியாது. சார் அகராதியை எடுத்து, தேடி, படித்து, தன்னை ‘டேய்’ ரகத்தில் விளித்திருக்கிறான் என்று தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு கோபப்பட்டார். கோபத்துக்குமுன் அகராதி பார்த்த மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. நர்ஸ், பெண்ணின் பக்கம். ஐ.டி.காரர் நடுநிலை என்று சொல்லிக்கொண்டு இரண்டு பக்கமும் திட்டு வாங்கினார். தரக்கட்டுப்பாடு ஐம்பது ரூபாய்த் தாளை உண்டியலில் போட்டுவிட்டு, ஐந்து தமிழ் வார்த்தைகளுக்கு அட்வான்ஸ் கட்டியாயிற்று என்று அறிவித்தார். ‘நி’யா ‘தோ’வா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடி விழுந்திருக்கும்.

மாமி மட்டும் நூலை விடவில்லை. ஏன் பயம்? தெரிந்த பையன் ஒருவன் அப்படித்தான் போனான், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான், வரவேயில்லை. அதுவரை சரி. அந்தக் கதை அம்மாவுக்கு ஏன் தெரிந்தது?

ஐந்தாவது தோஷ்தே.

பெண் தரையைப் பார்த்தாள். பர்ஸைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து உண்டியலில் போட்டாள். “நான்தான் மாமி சொன்னேன். உங்க பையன் கதையை.”

டொயோட்டா முறை பலித்துவிட்டது. மூல காரணத்தைக் கண்டுபிடித்த மாமியே மூல காரணமாக உட்கார்ந்திருந்தார். இந்த நிலைமைக்கு என்ன செய்ய வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லித் தரவில்லை என்றார் தரக்கட்டுப்பாடு. அன்றைக்கு உண்டியலை உடைத்ததில், பஜ்ஜிக்குப் போக மீதிப் பணத்தில் காபியும் வந்தது.

அடுத்த ஞாயிறு ஒருவர் பாக்கியில்லாமல் ஆஜர். தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்று வராமல் இருந்தவர்கள்கூட வந்திருந்தார்கள். மீதிக் கதை தெரிய வேண்டுமே. அந்தப் பெண் சற்றுத் தாமதமாக வந்தாள். பின்னாலேயே கைப்பையை இடுக்கிக்கொண்டு அவள் அம்மா. என் வீட்டு விஷயம் எந்தப் பாஷையில் பேசப்படுகிறது என்று பார்க்க வந்த முகம்.

யாரும் வாய் திறக்கவில்லை. பேங்க் ஆபீசர் மட்டும் தைரியமாக “ஹஜிமெமாஷிதே” என்றார். அந்த மாடியில் அந்த வார்த்தை அன்றுதான் உண்மையாகப் பயன்பட்டது. அம்மா அதைச் சட்டை செய்யவில்லை. உண்டியல் விதி அவருக்கு மகள் மூலம் தெரிந்திருக்க வேண்டும். நேரே போய் ஒரு முழு நூறு ரூபாயைப் போட்டார். மாமியின் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“உங்க பையனுக்கு அங்கே சிநேகிதங்க யாராவது இருக்காங்களா? தமிழ்ப் பையனா, நாகோயா பக்கமா இருந்தா நல்லது.”