வயசுக்கு மீறின புஸ்தகம்

பதினைந்து வயதில் நான் படித்ததெல்லாம் நாற்பது வயதுக்காரிகளின் கஷ்டம். புருஷன் குடிக்கிறான், மாமியார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, ஆபீஸ் மேனேஜரின் பார்வை சரியில்லை. இப்போது ஐம்பதைத் தாண்டி, பதினைந்து வயதுப் பிள்ளைகளின் கஷ்டத்தைப் படித்து மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறேன். நடுவில் என் வயதுக்குத் தகுந்த புத்தகம் எதையாவது படித்தேனா என்று யோசித்தால், சிலிண்டர் பாஸ்புக் தவிர ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

குற்றம் முழுக்க என்னுடையதல்ல. எண்பதுகளில் கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் மில் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளைக்கு வாசிப்பு என்பது நடுவில் படி இல்லாத மச்சு ஏணி. கீழே அம்புலிமாமா, கோகுலம், 1984ல் வந்து சேர்ந்த பூந்தளிர். அங்கிருந்து காலைத் தூக்கினால் நேராக லக்ஷ்மி, சிவசங்கரி, இந்துமதி, அனுராதா ரமணன். அந்தக் கதைகளிலும் எங்கள் வயதுப் பெண் வருவாள், இல்லையென்று சொல்லவில்லை. கதாநாயகியின் தங்கையாக வருவாள். பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபித் தட்டை நீட்டிவிட்டு உள்ளே போவாள். உள்ளே போய் என்ன நினைத்தாள் என்று எந்த எழுத்தாளரும் எட்டிப் பார்த்ததில்லை. அமெரிக்காவில் எஸ். ஈ. ஹின்டன் என்ற பெண் பள்ளிக்கூடம் படிக்கும்போதே தன் வயதுப் பிள்ளைகளை வைத்து நாவல் எழுதி, 1967ல் அது 'தி அவுட்சைடர்ஸ்' என்று அச்சாகியும் விட்டது. அந்தச் சேதி சிங்காநல்லூர் வந்து சேர நாளாயிற்று.

வீட்டில் ஒரு விசித்திரமான தணிக்கை இருந்தது. எங்கள் ஊர்க்காரர் ராஜேஷ்குமாரின் நாவல்களை அண்ணன் கூடத்து நாற்காலியிலேயே போட்டு வைப்பான். நானும் எடுத்துப் படிக்கலாம். முதல் பக்கத்திலேயே பிணம் விழும், துப்பறிய விவேக் வருவார், அவர் மனைவி ரூபலா காபி கொடுப்பாள், அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். கொலையைப் படித்துப் பெண் கெட்டுப்போகமாட்டாளாம். ஆனால் அட்டையில் ஒரு பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தால் போதும். "வயசுக்கு மீறின புஸ்தகமெல்லாம் உனக்கெதுக்கு?"

அதனால் அந்த வகையறா எல்லாம் மில் சங்கை நம்பியே நடந்தது. அப்பா ஷிப்டுக்குப் போன பிறகு ஒரு சங்கு, திரும்புவதற்கு முன் ஒரு சங்கு. இரண்டுக்கும் நடுவில் உள்ள நேரம் வாடகைப் புத்தகக் கடைக்குச் சொந்தம். பழைய வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்து, தைத்து, காலிகோ ஒட்டி வைத்திருப்பார்கள். நாளுக்கு இருபத்தைந்து பைசா. அந்த பைண்டு புத்தகத்தின் ருசி தனி. வலது பக்கத்தில் கதாநாயகி தூக்க மாத்திரையை எண்ணிக்கொண்டிருப்பாள். இடது பக்கத்தில் ஒரு மாமியார் ஜோக், அதன் கீழே பல்பொடி விளம்பரம். நடுவில் ஏதாவது ஒரு வாரம் தையலில் விட்டுப்போயிருக்கும். போன வாரம் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் இந்த வாரம் கைக்குழந்தையோடு பழனிக்குப் போவார்கள். போதாக்குறைக்கு நமக்கு முன்னால் படித்த புண்ணியவதி ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பாள்: "இவன் கடைசியில் செத்துப்போவான்."

தணிக்கைப் பட்டியலில் இரண்டாவது அயிட்டம் க்யூடெக்ஸ். எந்தக் கம்பெனி பாட்டிலானாலும் எங்களுக்கு க்யூடெக்ஸ்தான். 1911ல் நகத்தோரத் தோலை நீக்கும் திரவம் விற்கத் தொடங்கிய அமெரிக்கக் கம்பெனியின் பெயர் அது. ஒப்பணக்கார வீதி பேன்சி ஸ்டோரில் நகச்சாயத்துக்கே அதுதான் பெயராகி உட்கார்ந்துவிட்டது. எனக்குக் கிடைத்தது சித்தி கல்யாணத்தில் மிச்சமான ஒரு மெரூன் பாட்டில். மூடி இறுகி, உள்ளே சாயம் வெல்லப்பாகு பதத்தில் இருந்தது. அண்ணனின் சிநேகிதன் ஒருவன் டிங்கரிங் பட்டறையில் வேலை பார்த்தான். காருக்குப் பெயின்ட் அடிக்கிற தின்னரில் நாலு சொட்டு வாங்கி ஊற்றியதும் பாட்டிலுக்கு உயிர் வந்தது. வைத்தியம் முரடுதான், ஆனால் ஜாதிப் பொருத்தம் உண்டு. கார்களுக்கு அந்தக் காலத்தில் பூசிய பளபளப்பும் நகத்தில் பூசுவதும் நைட்ரோசெல்லுலோஸ் என்ற ஒரே சரக்கின் மேல் நிற்பவை.

அந்த நைட்ரோசெல்லுலோஸ் எதிலிருந்து வருகிறது என்று நாற்பது வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டபோது வாய்விட்டுச் சிரித்தேன். மரக்கூழிலிருந்து எடுக்கலாம். இல்லையென்றால் பருத்திக்கொட்டையின் மேல் அரைக்க அரைக்க விடாமல் ஒட்டியிருக்குமே பொடிப்பஞ்சு, அதிலிருந்து. "கண்ட கருமாந்தரத்தைக் கையில பூசாத கண்ணு" என்று சொன்ன என் அமுச்சி, அம்மாவைப் பெற்றவள், அன்னூரில் ஆயுசு முழுக்கப் பருத்தி எடுத்தவள். மாட்டுக்குத் தினமும் பருத்திக்கொட்டை ஆட்டி வைத்தவள்.

பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை நகச் சோதனை. மருதாணிக்கு அனுமதி உண்டு, அது நோம்பி சம்பந்தப்பட்டது. க்யூடெக்ஸுக்கு முட்டி போட வேண்டும். இரண்டும் சிவப்பாயிற்றே, எப்படிக் கண்டுபிடிப்பது? சோதனை போடும் சிஸ்டர் தன் கட்டைவிரல் நகத்தால் நம் நகத்தைச் சுரண்டிப் பார்ப்பார். உதிர்ந்தால் பாவம், உதிராவிட்டால் பண்பாடு. ரிமூவர் என்று ஒரு பொருள் இருப்பதே அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நாங்களாகவே கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. காய்ந்த சாயத்தின் மேல் புதிதாக ஒரு கோட் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே பழைய துணியால் அழுத்தி ஒரே இழுப்பாக இழுத்தால் கீழே இருந்ததும் சேர்ந்து வந்துவிடும். புதுச் சாயத்தில் இருக்கும் கரைப்பான் பழையதைக் கரைத்துவிடுகிறது. கெமிஸ்ட்ரியில் நான் வாங்கிய மார்க்கைப் பார்த்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

நாவலும் நகமும் சண்டை போடாமல் சேர்ந்து இருந்தது ஆடி மாதத்தில், அன்னூர் அமுச்சி வீட்டில் மட்டும்தான். வேலியில் இருந்த மருதாணியை உருவி, கொட்டைப்பாக்கும் எலுமிச்சைச் சாறும் விட்டு ஆட்டாங்கல்லில் அமுச்சியே ஆட்டுவாள். விரலுக்கு விரல் தொப்பி, உள்ளங்கையில் ஒரு பெரிய வட்டம், சுற்றிலும் பொட்டு. வைத்து முடித்துவிட்டால் சித்தி மகள்கள் எல்லாம் ராத்திரி முழுக்கக் கையில்லாதவர்கள். மூக்கு அரித்தால் அடுத்தவளின் தோளில் தேய்த்துக்கொள்ள வேண்டியதுதான். புத்தகத்தை யார் புரட்டுவது? அதனால் ஒருத்திக்குக் கடைசியில் வைப்பது என்று ஏற்பாடு. அந்த ஒருத்தி நான். எல்லோருக்கும் கேட்கும்படி நான் வாசிக்க வேண்டும். அதற்கு நான் கொடுத்த விலை, காலையில் அவர்கள் கையெல்லாம் ரத்தச் சிவப்பு, எனக்கு மட்டும் ஆரஞ்சு மிட்டாய்க் கலர். மருதாணியின் சாயம் நகத்தோடு ஒட்டிப்போய்விடும். நகமாக வளர்ந்து அதை வெளியே தள்ளினால்தான் உண்டு. மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் கணக்கு. தீபாவளிக்குள் சிவப்பு நுனிக்குப் போயிருக்கும். என் வெளிறலும் அதுவரை கூடவே இருக்கும்.

அமுச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "பொட்டப்புள்ளைக கதப் பொஸ்தகம் படிச்சா குடும்பத்துக்கு ஆகுமா?" என்று தொடக்கத்திலேயே தன் எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டுத் திண்ணைத் தூணில் சாய்ந்துகொள்வாள். வெற்றிலை இடிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். கதை சூடு பிடிக்கும்போது அந்தச் சத்தம் நின்றுவிடும். ஒரு வருஷம் வாசித்த கதையில் முதல் பக்கம் கிழிந்துபோயிருந்ததால் எழுதியவர் யாரென்று இன்றுவரை தெரியாது. அடிக்கிற புருஷனை விட்டு அம்மா வீட்டுக்கு வந்த பெண், வேலை தேடி, அவமானப்பட்டு, கடைசி வாரத்தில் அவனுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டுத் திரும்பிப் போகிறாள். நாங்கள் அத்தனை பேரும் அழுதோம். மற்றவர்களுக்குக் கையால் துடைக்க முடியாமல் கண்ணீர் தாடையில் சொட்டியது. இருட்டிலிருந்து அமுச்சி கேட்டாள்: "ஏங்கண்ணு, அவ எதுக்கு மறுக்காவும் அந்தப் போக்கத்தவங்கிட்டப் போறா? அவிய அப்பனூட்டுல சோத்துக்குப் பஞ்சமா?" யாருக்கும் பதில் தெரியவில்லை. வீட்டுப் பெரியவர்கள் எதைக் கண்டு பயந்து அந்தப் புத்தகங்களைத் தடுத்தார்களோ, அது அவற்றில் இருக்கவே இல்லை. கதைகள் அமுச்சியைவிடக் கட்டுப்பெட்டி.

அதன் பிறகு கல்யாணம், வேலை, ஸ்கூட்டர், மகள். அந்த வருஷங்களை இப்படியே தாண்டிவிடலாம், அவற்றில் நாவலும் இல்லை, நகமும் இல்லை.

மகள் பதினைந்து வயதில் ஜான் கிரீனின் 'த ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' வாங்கினாள். 2014, படம் வந்த வருஷம். கொடிசியா புத்தகத் திருவிழாவிலும் ராஜ வீதியிலும் தமிழ்ப் புத்தகமாக நான் வாங்கிக் கொடுத்ததெல்லாம் அலமாரியில் கல்யாணமாகாமல் நிற்க, இந்த வகை மட்டும் பெருகியது. பெங்களூரில் வேலை கிடைத்ததும் அலமாரியை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். 2021 மே மாதம். தினசரித் தொற்றுக் கணக்கில் கோவை சென்னையையே முந்திய நாட்கள். எனக்கும் காய்ச்சல், மாடி அறையில் தனியாக. பொழுது போகாமல் மகளின் பழைய நகச்சாயத்தில் கருநீலத்தைப் பத்து விரலுக்கும் பூசியிருந்தேன். ஆக்சிமீட்டரை மாட்டியபோது, அடர்ந்த சாயத்தின் மேல் அளவு சரியாகக் காட்டாது, துடையுங்கள் என்று போனில் டாக்டர் சொன்னார். வலது ஆள்காட்டி விரலை மட்டும் துடைத்தேன். ஒன்பது விரலில் வானம், ஒரு விரலில் மெடிக்கல் ரிப்போர்ட். அந்தக் கோலத்தில்தான் அலமாரியிலிருந்து கைக்கு வந்த ஜான் கிரீனைப் பிரித்தேன். பார்த்தால் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்துக்கொண்டு நடக்கிறாள். தொண்ணூற்றைந்தா, தொண்ணூற்று நாலா என்று மணிக்கொரு தரம் பார்த்துக்கொண்டே அதைப் படித்து முடித்தேன். அழுதால் மூச்சு வாங்கும் என்று பயந்து தவணை முறையில் அழுதேன்.

பிறகு விடவில்லை. கேத்ரின் பேட்டர்சனின் 'பிரிட்ஜ் டு டெரபித்தியா' 1977ல் வந்தது. தன் மகனின் சின்ன வயதுத் தோழி ஒருத்தி மின்னல் தாக்கி இறந்துபோனதை, அந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாத அம்மா எழுதியது. பாட்ரிக் நெஸ்ஸின் 'எ மான்ஸ்டர் கால்ஸ்' 2011ல் வந்தது. அதன் கரு சிவான் டௌட் என்ற எழுத்தாளருடையது. எழுதுவதற்குள் அவர் புற்றுநோயில் போய்விட, மிச்சத்தை நெஸ் எழுதினார். எங்கள் தொடர்கதைகளில் சாவு என்பது கடைசி வாரத்துக்கு ஆசிரியர் கைவசம் வைத்திருக்கும் உபாயம். இவற்றில் சாவைச் சுமந்துகொண்டுதான் கதையே நடக்கிறது. மறுநாள் பள்ளிக்கூடம் போக வேண்டும், மிச்சமான டிபன் பாக்ஸைக் கழுவ வேண்டும். காபித் தட்டோடு உள்ளே போன அந்தத் தங்கையை ஒருவழியாக யாரோ பின்தொடர்ந்து போயிருக்கிறார்கள்.

ஐம்பதில் இது என்ன பழக்கம் என்று கூச்சம் இருந்தது. அமெரிக்காவில் 2012ல் பவுக்கர் நிறுவனம் எடுத்த கணக்கைப் பார்த்ததும் தீர்ந்தது. பன்னிரண்டு முதல் பதினேழு வயதுக்காரர்களுக்கென்று அச்சடித்த புத்தகங்களை வாங்கியவர்களில் நூற்றுக்கு 55 பேர் பதினெட்டைத் தாண்டியவர்கள். அதிலும் பெரும்பாலோர் தங்களுக்காகவே வாங்கினவர்களாம். தமிழிலும் இப்போது அந்த நடுப்படி முளைத்துவிட்டது. கீழடியை வைத்து உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை' 2023ல் பால சாகித்திய புரஸ்கார் வாங்கியது. நான் ஒரு பிரதி வாங்கி, உடனே அண்ணன் பேத்திக்கும் ஒன்று வாங்கினேன். அவளுக்குப் பதினாலு.

அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அத்தப்பாட்டி, இது சின்னப் பசங்க புக்கு" என்றாள். அவள் அப்போது படித்துக்கொண்டிருந்தது காலீன் ஹூவரின் 'இட் என்ட்ஸ் வித் அஸ்'. 2016ல் பெரியவர்களுக்கென்று எழுதப்பட்டு, ரீல்ஸ் புண்ணியத்தில் உலகத்திலுள்ள ஒன்பதாம் வகுப்பெல்லாம் படிக்கிற கதை. சனிக்கிழமைகளில் என் வீட்டுக்கு வருவாள். ஜெல் பாலிஷ் போட்டு, கையைச் சின்ன விளக்குப் பெட்டிக்குள் நீட்டினால் ஒரு நிமிஷத்தில் கல்லாகிவிடுகிறது. எங்கள் ஞாயிற்றுக்கிழமை வித்தை அதன் மேல் செல்லாது, அசிட்டோனில் ஊறப்போட வேண்டும். ஒரு கை பெட்டிக்குள் இருக்க, மறு கையால் போனில் பக்கத்தைத் தள்ளுகிறாள். நான் இந்தப் பக்கம் பிஸ்தாப் பச்சை பூசிக்கொண்டு, விரலை விரித்து, அமெரிக்கப் பள்ளிக்கூடப் பையன் ஒருவனுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பேன். அவளுக்கு நாற்பது, எனக்குப் பதினாலு.

போன வாரம் அவள் அம்மா போன் பண்ணினாள்.

"அத்தை, இந்தப் புள்ள வயசுக்கு மீறின புக்கா படிக்குதுங்க. நீங்களாவது கண்டிக்கப்படாதுங்களா?"

"நானும் படிச்சுட்டேன் கண்ணு. அடிக்கிற புருஷன் கதை."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் குக்கர் இரண்டு விசில் அடித்தது.

"கடைசீல அவ அவங்கிட்டயே திரும்பிப் போயிர்றாளுங்களா?"

"இல்ல. பொண்ணு பொறந்ததும் விட்டுட்டு வந்தர்றா."

"அப்பப் படிக்கட்டுமுங்க" என்றாள். "முடிச்சதும் எனக்குக் குடுத்து உடச் சொல்லுங்."